தொங்கும் சதையா, தழும்பா? மேற்கை அறுவைச் சிகிச்சைக்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் ஓய்வுபெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலரும் கேட்டுக்கொண்டதால், கேள்வி நேரத்தையும் சேர்த்து வெளியிடுகிறோம்.)



சென்ற மாதம் லிஃப்டில் போகும்போது நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அம்மா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். 'தழும்பே இல்லாமல் ஒரே நாளில் கை மெலியும்' என்று ஒரு விளம்பரம். "இது நிஜமா டாக்டர்?" என்று கேட்டார். மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. செயலாளரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்.

முதலில் சுருக்கமான பதில். தொங்கும் தோலை வெட்டி எடுக்கிற சிகிச்சையில் தழும்பு இல்லாமல் இருக்காது. தொங்கும் சதையைக் கொடுத்துவிட்டு ஒரு தழும்பை வாங்குகிறீர்கள். அந்தப் பேரம் உங்களுக்குக் கட்டுமா என்பதுதான் கேள்வி. தழும்பு மெல்லிய கோடாக அமையுமா, தடித்துப் போகுமா என்பதில் பாதி அறுவை மேசையில் தீர்மானமாகிறது. மீதிப் பாதி அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்வதில் இருக்கிறது.

தழும்பைப் பற்றிப் பேச நம் மாகறல் பொருத்தமான ஊர்தான். செய்யாற்றங்கரையில் நம் ஊர்க் கோயிலில் இருப்பவர் உடும்பீசர். பொன்னிற உடும்பு ஒன்றை ராஜேந்திர சோழன் துரத்தி வந்ததாகவும், அது புற்றில் நுழைந்தபோது வாலில் ஆயுதம் பட்டு ரத்தம் வந்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. காயம்பட்ட மேனியைத்தான் நாம் தினமும் கும்பிடுகிறோம். அதனால் தழும்பு என்றாலே அவமானம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கை ஏன் தொங்குகிறது?

மேற்கையின் பின்பக்கம் தொங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கொழுப்பு. மற்றொன்று தளர்ந்த தோல். வயதாகும்போதும், உடல் எடை ஏறி இறங்கும்போதும் தோலின் மீள்தன்மை போய்விடுகிறது. காற்று போன பலூனைப் போல அது பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. உடற்பயிற்சி செய்தால் உள்ளே இருக்கும் தசை வலுப்படும். அது நல்லது, அவசியம் செய்யுங்கள். ஆனால் தளர்ந்த தோல் பயிற்சியால் இறுகாது.

குடல், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்து நாற்பது, ஐம்பது கிலோ குறைந்தவர்களைத்தான் முன்பு இந்தப் பிரச்சினைக்காக அதிகம் பார்த்தோம். 2025-இல் மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றால் வேகமாக எடை குறைந்தவர்களும் இனி இதே கேள்வியோடு வருவார்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. நம் ஊர் சித்திரை வெயிலில் அக்குளுக்குப் பக்கத்தில் தோல் மடிப்புக்குள் வியர்வை தேங்கி, படை வந்து, புண்ணாகி அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். பணக்காரர்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் மார்பகச் சீரமைப்புக்கென்று இலவசப் பிரிவு தொடங்கியபோது எல்லோரும் வியந்தார்கள். உடம்பு தரும் சங்கடம் ஏழைக்கும் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

உங்களுக்கு எந்த முறை?

கண்ணாடி முன் நின்று கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்குங்கள். கீழே தொங்குவதை மறு கையால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே திண்டு போலக் கனமாக இருந்து, தோல் இறுக்கமாக இருந்தால் அது கொழுப்பு. வெறும் தோல் மட்டும் துணிபோல மடிந்து வந்தால் அது தளர்ச்சி. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கொழுப்பு அதிகம், தோல் இறுக்கம் என்றால் லைப்போசக்ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் முறையே போதும். சில மில்லிமீட்டர் துளைகள்தான் இருக்கும். 'தழும்பு தெரியாது' என்ற விளம்பரம் இவர்களுக்கு மட்டும் ஓரளவு உண்மை. தோல் தளர்ந்தவருக்கு இதை மட்டும் செய்தால் கொழுப்பு போய், தொங்கல் இன்னும் கூடிவிடும்.

தளர்ச்சி அக்குளுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தால், அக்குள் மடிப்புக்குள்ளேயே தழும்பு ஒளிந்துகொள்ளும்படி சிறிதாக வெட்டி எடுக்கலாம். ஆனால் இதனால் முழங்கைப் பக்கத்துத் தொங்கல் போகாது. சிறிய தழும்புக்கு ஆசைப்பட்டு இதைத் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முழங்கை வரை தொங்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை முழு நீளத்துக்கும் தழும்பு வரும். இதைத்தான் பிராக்கியோபிளாஸ்டி என்கிறோம். அதிக எடை குறைந்தவர்களுக்குத் தளர்ச்சி விலாப்புறம் வரை போகும். அவர்களுக்குத் தழும்பும் அக்குளைத் தாண்டி விலா வரை இறங்கும்.

அறுவை மேசையில் என்ன நடக்கிறது?

அழகுக்காகச் செய்யும் இந்த அறுவையை 1954-இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் கொரேயா இதுராஸ்பேயும் பெர்னாண்டஸும் எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இன்று வரை மருத்துவர்கள் தலையை உடைத்துக்கொண்டது பெரும்பாலும் தழும்பைப் பற்றித்தான்.

முதல் கேள்வி, தழும்பை எங்கே வைப்பது? கையின் உட்புறப் பள்ளத்தில் வைத்தால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது யார் கண்ணிலும் படாது. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும், மாடியில் துணி காயப்போடும்போதும், சந்நிதியில் இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடும்போதும் தெரியும். சற்றுப் பின்புறமாக வைத்தால் முன்னிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நீங்கள் அன்றாடம் என்ன உடுத்துகிறீர்கள், எந்த வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கோடு போடும் நாளில் வழக்கமாக அணியும் ரவிக்கையையோ சட்டையையோ எடுத்துச் செல்லுங்கள்.

அந்தக் கோட்டை மயக்க மருந்துக்கு முன்பே, உங்களை நிற்கவோ உட்காரவோ வைத்துப் போடுவார்கள். படுத்தால் தொங்கும் இடம் மாறிவிடும்.

இரண்டாவது, எவ்வளவு வெட்டுவது? ஆசைப்பட்டு அதிகம் வெட்டினால் தோல் சேராது. இழுத்துச் சேர்த்தாலும் தழும்பு அகலும், கையில் ரத்த ஓட்டம் பாதிக்கும். அறுவை நடக்க நடக்கக் கை வீங்கும் என்பதால், முழுவதையும் ஒரேயடியாக வெட்டாமல், கொஞ்சம் வெட்டி, அதைத் தைத்து மூடி, பிறகு அடுத்த பகுதிக்குப் போவது பாதுகாப்பான வழக்கம்.

மூன்றாவது, நரம்பு. முன்கையின் உட்புறத்துக்கு உணர்ச்சி தரும் ஒரு தோல் நரம்பு, முழங்கையின் உள் எலும்பிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டர் மேலே, ஒரு பெரிய சிரையை ஒட்டி ஆழத்திலிருந்து மேலே வருகிறது. அங்கே ஒரு படலம் கொழுப்பை விட்டுவைத்து வெட்ட வேண்டும். நரம்பு அறுபட்டால் முன்கை மரத்துப் போகும், சிலருக்குத் தீராத வலியும் வரும். மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். பதிலிலேயே அவர் அனுபவம் தெரியும்.

நான்காவது, அக்குள். அக்குள் குழியைக் கடந்து நேர்கோடாகத் தழும்பு வந்தால், அது ஆறும்போது கயிறுபோலச் சுருங்கி, கையை மேலே தூக்க விடாது. அதனால் அந்த இடத்தில் கோட்டை வளைத்து, 'இசட்' எழுத்துப்போல மடக்கித் தைப்பார்கள்.

கடைசியாகத் தையல். இதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பட்டுச் சேலையில் கரையையும் உடலையும் கோர்வை போட்டு நெய்தால், இழுத்தாலும் பிரியாது. ஏனென்றால் பிடிப்பு இழைக்குள்ளே இருக்கிறது, மேலோட்டமாக ஒட்டவைத்தது அல்ல. தோலும் அப்படித்தான். இழுவையை அடியில் இருக்கும் உறுதியான படலம் தாங்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் லாக்வுட் 1995-இல் எழுதியது இதுதான்: கையின் அடிப்படலத்தை அக்குளின் உறுதியான படலத்தோடு சேர்த்துக் கட்டு, மேல் தோலை இழுவையில்லாமல் விடு. அடித்தையல் சரியாக இருந்தால் மேலே தானே கரையும் இழையால், தோலுக்குள்ளேயே ஓடும் ஒரு தையல் போதும். மேல் தையலே பாரம் தாங்கினால் தண்டவாளக் கட்டைகள்போலக் குறுக்குக் கோடுகள் நிரந்தரமாக நின்றுவிடும். நம் ஊர்ப் பெருமையான பட்டு நூல் ஒரு காலத்தில் அறுவைத் தையலுக்கு ராஜாவாக இருந்தது. இந்த வேலைக்கு இப்போது அது வேண்டாம். தோலில் கிடந்தால் உறுத்தி வீக்கம் தரும்.

அறுவைக்கு முன்: உங்கள் பங்கு

உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்குச் சாட்சி உங்களிடமே இருக்கிறது. காது குத்திய இடம், மூக்கு குத்திய இடம், சிசேரியன் தழும்பு, இடது கையில் குழந்தையாக இருந்தபோது போட்ட பிசிஜி ஊசித் தழும்பு. இவற்றைத் தடவிப் பாருங்கள். எங்காவது கட்டிபோலத் தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கீலாய்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இது அதிகம். அம்மா, அக்காவுக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். நீண்ட தழும்பு தரும் சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவுகூட எடுக்க நேரலாம்.

எடை குறைந்துகொண்டிருக்கும்போது அறுவைக்குப் போகாதீர்கள். குறைந்தது ஆறு மாதமாவது எடை ஒரே அளவில் நிற்க வேண்டும். இரைப்பை அறுவை செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டு பொறுக்க வேண்டும். அவர்களுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்திருக்கும். முட்டை, பருப்பு, பால், மீன் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதில் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சேர வேண்டும். புரதம் இல்லாத உடம்பில் எந்தத் தையலும் நிற்காது.

சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை, எடை குறைக்கும் ஊசி எடுத்துக்கொண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மயக்க மருத்துவர் அவசியம் அறிய வேண்டும். மார்பகப் புற்றுக்காக அக்குளில் நெறி கட்டிகளை எடுத்தவர்கள், கை வீக்கம் உள்ளவர்கள், இந்தச் சிகிச்சையை யோசிக்கவே தனி ஆலோசனை வேண்டும்.

அறுவைக்குப் பின்: பொறுமை

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார். தறி வீட்டுக்காரர். எடை குறைந்து கை தொங்கியது, மடிப்பில் தீராத புண். மகளுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் செய்துவிடுங்கள் என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். செய்தேன். அறுவை நன்றாகவே முடிந்தது. நான்காவது வாரம் கல்யாணச் செலவுக்காக அவர் தறியில் உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க நாடா இழுக்கும் கை அது. தழும்பு விரல் அகலத்துக்கு விரிந்து தடித்தது. கல்யாணத்துக்கு முழங்கை வரை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வந்தபோது சொன்னார்: "முன்னாடி சதைய மறைச்சேன் டாக்டர். இப்ப தழும்ப மறைக்கிறேன்."

அவர் மேல் தவறில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. எத்தனை வாரம் கைக்கு ஓய்வு கிடைக்கும், அதுவரை வீட்டை யார் பார்ப்பார்கள் என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் யாருக்கும் தேதி கொடுத்ததில்லை.

ஏன் அவ்வளவு ஓய்வு? ஒரு வாரத்தில் காயம் மேலே மூடியிருக்கும், உள்ளே வலுவே இருக்காது. மூன்று வாரத்தில் பழைய தோலின் வலுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். சுமார் மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அதற்கு மேல் வராது. ஆகவே நான்கு முதல் ஆறு வாரம் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலும் வைக்கக் கூடாது. மருத்துவர் சொன்னபடி தோளை மெதுவாக அசைக்க வேண்டும். இறுக்கமான கைச்சட்டையை அவர் சொல்லும் வாரங்கள் வரை கழற்றக் கூடாது. படுக்கும்போது கைகளைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள்.

காயம் முழுவதும் மூடிய பிறகு, சுமார் இரண்டு மூன்று வாரத்தில், சிலிக்கான் பட்டையோ களிம்போ தொடங்கலாம். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல். பாதியில் விட்டால் பயன் இல்லை. வெயில் காலத்தில் பட்டைக்குள் வியர்க்குரு வந்தால் தினமும் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள், அல்லது களிம்புக்கு மாறுங்கள். தழும்பின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் கறுத்துவிடும். மஞ்சள், வேப்பிலை, தேங்காயெண்ணெய் எதையும் ஆறாத காயத்தில் பூச வேண்டாம். வைட்டமின் ஈ எண்ணெய் தழும்பைப் போக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, சிலருக்கு அரிப்புதான் தருகிறது.

இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தழும்பு மிகச் சிவந்து, தடித்துத் தெரியும். பயப்படாதீர்கள், அது இயல்பு. தழும்பு முதிர்ந்து வெளிற ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும். தடிப்பு வளர்ந்துகொண்டே போனால் ஸ்டீராய்டு ஊசி உண்டு. நான் சொன்ன அந்த அம்மாவுக்கு ஒரு வருடம் கழித்துத் தழும்பை எடுத்து மறுபடி தைத்தேன். இம்முறை இரண்டு மாதம் தறிக்குப் போகவில்லை. கோடு மெலிந்தது, மறையவில்லை. "புண் போச்சே, அது போதும்" என்றார்.

யாரிடம் போவது?

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பு எடுக்கும் அறுவைக்குப் பின் கடும் தொற்று ஏற்பட்டு, ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் கை கால் விரல்களில் ஒன்பதை இழந்தார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இது அழகு நிலைய வேலை அல்ல, முழு அறுவைச் சிகிச்சை என்பது உங்கள் மனதில் பதிய வேண்டும்.

மருத்துவர் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று சரிபாருங்கள். மயக்க மருத்துவரும், அவசரத்துக்குத் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா என்று கேளுங்கள். அவர் செய்த நோயாளிகளின் படங்களில் ஒரு மாதப் படத்தை மட்டும் காட்டினால் போதாது. ஒரு வருடம் கழித்து, கையைத் தூக்கியபடி எடுத்த படத்தைக் கேளுங்கள்.

கேள்வி நேரத்திலிருந்து

*காப்பீட்டில் கிடைக்குமா?*
அழகுக்காகச் செய்யும் அறுவையைப் பொதுவாக எந்த மருத்துவக் காப்பீடும் ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், மருத்துவ அவசியம் என்று சான்று உள்ளவற்றுக்கும்தான் விலக்கு. அழகு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. செலவு கேட்கும்போது வரியைச் சேர்த்துக் கேளுங்கள்.

*தையில் பையனுக்குக் கல்யாணம். இப்போது செய்துகொள்ளலாமா?*
கல்யாணத்துக்கு முன் ஒரு முழு வருடம் கையில் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் கல்யாணம் முடியட்டும் அம்மா. என் அனுபவத்தை இப்போதுதான் சொன்னேன்.

*அழகு நிலையத்தில் மிஷின் வைத்து இறுக்குகிறோம் என்கிறார்களே?*
வெப்பம் கொடுக்கும் கருவிகளால் லேசான தளர்ச்சியில் கொஞ்சம் மாற்றம் தெரியலாம். கையில் பிடித்தால் மடிகிற தோலை எந்தக் கருவியும் எடுக்காது.

*டாக்டர், உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் செய்யச் சொல்வீர்களா?*
என் தங்கை கேட்டாள். கண்ணாடி முன் நிற்கவைத்து, அக்குளிலிருந்து முழங்கை வரை அவள் கையில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். "ஒரு வாரம் இதை அழிக்காமல் கோயிலுக்கும் கடைக்கும் போய் வா. அப்புறமும் வேண்டுமென்றால் சொல்" என்றேன். ஒரு வாரம் கழித்து வேண்டாம் என்றாள். என்னிடம் வந்த வேறு பலர் அதே கோட்டோடு திரும்பி வந்து "பரவாயில்லை, செய்யுங்கள்" என்றார்கள். இரண்டுமே சரியான முடிவுதான். நீங்களும் வீட்டுக்குப் போய் அந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.